சிட்டிங் மேயர் மறுபடியும் நிக்கிறாரா? முதல் தடவை ஓட்டு போடுறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

மேயர் தேர்தல் வருது, இப்ப மேயரா இருக்குறவரே திரும்பவும் நிக்கிறாரு, எதிர்ல அஞ்சு பேரோ அம்பது பேரோ நிக்கிறாங்க, உங்களுக்கு இதுதான் முதல் தடவை. யாருக்குப் போடுறதுன்னு எல்லாரும் கேக்குறாங்க. அதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி வேற ஒண்ணு இருக்கு: இத்தனை வருஷமா இருந்தவரு கையில நிஜமா என்ன அதிகாரம் இருந்துச்சு, அத வச்சு அவரு என்ன பண்ணாரு? புதுசா நிக்கிறவங்ககிட்ட வாக்குறுதி மட்டும்தான் இருக்கும், இவருகிட்ட கணக்கு இருக்கு, அந்தக் கணக்கப் படிக்கத் தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்சுரும். அத எப்படிப் படிக்கிறதுன்னு வரிசையா சொல்றேன். லண்டன், டொரோண்டோ, நியூயார்க், சிகாகோ மாதிரி மக்கள் நேரடியா மேயரைத் தேர்ந்தெடுக்குற ஊர்களை உதாரணமா எடுத்துக்குறேன், ஆனா செய்ய வேண்டிய வேலை எந்த ஊருக்கும் ஒண்ணுதான்.

முதல் வேலை: உங்களுக்கு ஓட்டு இருக்கான்னு உறுதி பண்ணுங்க

இத நிறைய பேர் தப்பா நினைச்சுட்டு இருக்காங்க, ரெண்டு பக்கமும். லண்டன்ல இருக்குற இந்தியர்களும் இலங்கையர்களும் "நமக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லையே, நமக்கு எங்க ஓட்டு"ன்னு விட்டுடுறாங்க. அது தப்பு. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் யாரா இருந்தாலும், சட்டப்படி அங்க தங்க அனுமதி இருந்து 18 வயசு ஆகியிருந்தா பதிவு பண்ணி ஓட்டு போடலாம், ஸ்டூடன்ட் விசா, வேலை விசா எல்லாம் இதுல அடங்கும். 2024 மேயர் தேர்தல்ல இருந்து லண்டன்ல போட்டோ ஐடி கட்டாயம், ஆனா அதுக்கு இந்திய பாஸ்போர்ட்டோ இலங்கை பாஸ்போர்ட்டோ போதும், காமன்வெல்த் நாட்டு பாஸ்போர்ட்டை ஏத்துக்குறாங்க. ஏத்துக்குற ஐடி எதுவுமே இல்லன்னா இலவசமா வாக்காளர் சான்று ஒண்ணு வாங்கிக்கலாம், அதுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கணும், கடைசி வாரத்துல போய் நிக்கக் கூடாது.

அமெரிக்காவுலயும் கனடாவுலயும் நிலைமை நேர் எதிர். டொரோண்டோவுல கனடா குடிமக்கள் மட்டும்தான் போடலாம், பிஆர் (நிரந்தரமா தங்குற அனுமதி) வச்சிருக்குறவங்க பல வருஷமா வரி கட்டினாலும் முடியாது. நியூயார்க்ல குடிமக்கள் அல்லாதவங்களுக்கும் நகரத் தேர்தல்ல ஓட்டு கொடுக்க ஒரு சட்டம் போட்டாங்க, 2025 மார்ச்ல அந்த மாநிலத்தோட மிக உயர்ந்த நீதிமன்றம் அது செல்லாதுன்னு தீர்ப்பு சொல்லிருச்சு. அதனால கிரீன் கார்டோ எச்1பியோ வச்சிருக்குறவங்க தயவுசெஞ்சு ஜாக்கிரதையா இருங்க: லைசென்ஸ் எடுக்கப் போற இடத்துல நீட்டுற படிவத்துல கவனிக்காம "நான் குடிமகன்"னு டிக் பண்ணிட்டா, அத வச்சே நாடு கடத்துற அளவுக்கு பிரச்சனை வரலாம். ஆர்வத்துல பண்ணேன்னு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. ஓட்டு இல்லாதவங்க வேற என்ன பண்ணலாம்னு கடைசில சொல்றேன், நிறைய இருக்கு.

ஓட்டு இருக்குன்னு தெரிஞ்சதும் வாக்காளர் பட்டியல்ல பேரு இருக்கா, இப்ப இருக்குற விலாசத்துல இருக்கான்னு பாருங்க. வீடு மாறினவங்க பாதிப் பேரு இங்கதான் மாட்டுறாங்க.

ரெண்டாவது: நிஜப் போட்டி எந்தத் தேதில நடக்குதுன்னு கண்டுபிடிங்க

இது முக்கியமான விஷயம், யாரும் சொல்லித் தர்றதும் இல்ல. தேர்தல் நாள்னு போஸ்டர்ல இருக்குற தேதிக்கு முன்னாடியே சில ஊர்ல விஷயம் முக்கால்வாசி முடிஞ்சிருக்கும். நியூயார்க்ல ஜனநாயகக் கட்சிக்கு ஆதரவு அதிகம், அதனால அந்தக் கட்சியோட பிரைமரி, அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்குற ஓட்டு, ஜூன் மாசம் நடக்குறப்பவே பெரும்பாலும் அடுத்த மேயர் யாருன்னு தெரிஞ்சுரும். ஆனா அந்த பிரைமரில அந்தக் கட்சி வாக்காளரா பதிவு பண்ணினவங்க மட்டும்தான் போடலாம், ஏற்கனவே பதிவு ஆனவங்க கட்சியை மாத்தணும்னா பிப்ரவரி 14க்குள்ள மாத்தியாகணும். மே மாசம் டிவில விவாதத்தைப் பாத்து ஆர்வம் வந்து போனா கதவு மூடியிருக்கும்.

சிட்டிங் மேயர் விஷயத்துல இந்தக் காலண்டர் இன்னும் முக்கியம், ஏன்னா அவரு எந்த வழியா வர்றாருங்கிறதே மாறலாம். 2025ல நியூயார்க் மேயர் எரிக் ஆடம்ஸ் பதவில இருந்துக்கிட்டே ஜனநாயகக் கட்சி பிரைமரிய விட்டு வெளிய வந்து சுயேச்சையா நிக்கிறேன்னாரு, அப்புறம் செப்டம்பர் கடைசில பிரச்சாரத்தையே நிறுத்திட்டாரு, ஆனா அதுக்குள்ள ஓட்டுச்சீட்டு தயாராயிட்டதால அவரு பேரு அதுல அப்படியே இருந்துச்சு. விலகிட்டாருன்னு தெரியாம அவருக்குப் போடுறவங்க எல்லாத் தேர்தல்லயும் கொஞ்சம் பேரு இருப்பாங்க. அதனால ஓட்டு போடப் போற வாரம் ஒரு தடவை யாரு யாரு இன்னும் களத்துல இருக்காங்கன்னு பாத்துட்டுப் போங்க.

இன்னொண்ணு, அவரு திரும்ப நிக்க சட்டம் விடுதான்னும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. லண்டன், டொரோண்டோ, சிகாகோவுல எத்தனை தடவை வேணா நிக்கலாம். சிகாகோவுல ரிச்சர்ட் ஜே. டேலி 21 வருஷம் மேயரா இருந்தாரு, அவரு மகன் ரிச்சர்ட் எம். டேலி 22 வருஷம். நியூயார்க்ல தொடர்ச்சியா ரெண்டு தடவைதான். ஆனா 2008ல மைக்கேல் ப்ளூம்பெர்க் மேயரா இருந்தப்ப நகர கவுன்சில் 29க்கு 22ன்னு ஓட்டு போட்டு அத மூணு தடவையா மாத்துச்சு, அவரு 2009ல மூணாவது தடவை நின்னு 10 கோடி டாலருக்கு மேல சொந்தக் காசு செலவு பண்ணி அஞ்சு சதவீதத்துக்கும் கம்மியான வித்தியாசத்துல ஜெயிச்சாரு, அடுத்த வருஷமே மக்கள் ஓட்டெடுப்புல திரும்ப ரெண்டுன்னு ஆக்கிட்டாங்க. விதிய மாத்துறவரே அந்த விதியால பலன் அடையுறவரா இருந்தா, அது அவரோட கணக்குல ஒரு வரியா கண்டிப்பா ஏறணும்ங்கிறது என் கருத்து, நிர்வாகம் எவ்வளவு நல்லா இருந்தாலும் சரி.

மூணாவது: மேயர் கையில என்ன இருக்கு, என்ன இல்ல

இந்தப் படியைத் தாண்டிட்டுப் போகாதீங்க. இதுல கொஞ்சம் நேரம் செலவு பண்ணாதான் மத்ததெல்லாம் அர்த்தமாகும்.

மேயர்ங்கிற பேரு எல்லா ஊர்லயும் ஒண்ணு, வேலை ஒண்ணு இல்ல. சென்னையில 200 வார்டு கவுன்சிலர்கள் கூடித்தான் மேயரைத் தேர்ந்தெடுக்குறாங்க, நிர்வாகம் ஐஏஎஸ் கமிஷனர் கையில இருக்கும். கோலாலம்பூர்ல தேர்தலே கிடையாது, நியமனம். டல்லாஸ், ஃபீனிக்ஸ், சான் அன்டோனியோவுல மேயரை மக்களே நேரடியா தேர்ந்தெடுத்தாலும் அன்றாட நிர்வாகத்தை நடத்துறது கவுன்சில் வேலைக்கு வச்ச சிட்டி மேனேஜர், மேயருக்கு கவுன்சில்ல ஒரு ஓட்டு, அவ்வளவுதான். நியூயார்க், சிகாகோவுல மேயர்தான் துறைத் தலைவர்களைப் போடுறாரு, பட்ஜெட் எழுதுறாரு. இப்படி வளர்ந்த ஊரு ஒண்ணு, குடியேறுன ஊரு ஒண்ணுன்னு இருக்குறவங்க பழைய ஊரு மேயரை மனசுல வச்சுக்கிட்டு புது ஊரு மேயரை எடை போட்டா தப்பாத்தான் போகும்.

ஒரே ஊருக்குள்ளயும் குழப்பம் இருக்கு. நியூயார்க்ல சப்வே ரயில் லேட்டா வந்தா எல்லாரும் மேயரைத் திட்டுறாங்க, ஆனா சப்வேய நடத்துற எம்டிஏ மாநில அரசு கட்டுப்பாட்டுல இருக்கு, அதுல கவர்னர் பேச்சுதான் எடுபடும். வருமான வரிய ஏத்தணும்னாலும் மாநிலத் தலைநகரம் ஆல்பனில சம்மதம் வேணும். அதே ஊர்ல வாடகை விஷயம் பாருங்க, ஏறக்குறைய பத்து லட்சம் வீடுகளுக்கு வருஷா வருஷம் வாடகை எவ்வளவு ஏறலாம்னு ஒன்பது பேரு கொண்ட ஒரு போர்டு தீர்மானிக்குது, அந்த ஒன்பது பேரையும் நியமிக்கிறது மேயர். அப்ப சப்வேக்குத் திட்டுறத விட்டுட்டு வாடகைக்குக் கேள்வி கேட்டா நியாயமா இருக்கும்.

லண்டன்ல குப்பை எடுக்கலன்னா அது மேயர் வேலை இல்ல, அங்க 32 பரோக்கள் (உள்ளூர் நிர்வாகப் பகுதிகள்) இருக்கு, அந்தந்த பரோ கவுன்சில் பொறுப்பு. பஸ், டியூப் (சுரங்க ரயில்) கட்டணம், பெரிய கட்டுமானத் திட்டங்கள், போலீஸ் பட்ஜெட் இதெல்லாம் மேயர் பக்கம். போலீஸ்ல கூட கமிஷனரை நியமிக்கிறது உள்துறை அமைச்சர் வழியாத்தான் நடக்குது, ஆனா மேயர் கருத்துக்கு எடை உண்டு, 2022ல மேயர் சாதிக் கான் நம்பிக்கை இல்லன்னு சொன்னதும் கமிஷனர் கிரெசிடா டிக் பதவி விலகுனாங்க.

டொரோண்டோவுல மேயருக்கு கவுன்சில்ல 26ல ஒரு ஓட்டுதான் ரொம்ப நாள் இருந்துச்சு. 2022ல ஒன்டாரியோ மாகாண அரசு "பலமான மேயர்" அதிகாரம்னு கொடுத்துச்சு, அதுக்கப்புறம் பட்ஜெட்டைத் தயாரிக்கிறது மேயர், கவுன்சில் அத மாத்துனா மேயர் தடுக்கலாம், அந்தத் தடையை உடைக்க மூணுல ரெண்டு பங்கு கவுன்சில் வேணும். அதே மாகாண அரசுதான் 2018ல தேர்தல் பிரச்சாரம் நடந்துக்கிட்டு இருக்கும்போதே 47 வார்டை 25 வார்டா குறைச்சுச்சு. எக்ளின்டன் கிராஸ்டவுன் ரயில் வேலை 2011ல ஆரம்பிச்சு வருஷக்கணக்கா இழுத்துச்சே, அந்த வழியில கடை வச்சிருந்தவங்க பட்ட கஷ்டத்துக்கு பதில் சொல்ல வேண்டியது மெட்ரோலிங்க்ஸ்ங்கிற மாகாண நிறுவனம்.

செய்ய வேண்டியது இதான்: ஒரு பேப்பர் எடுத்து உங்களுக்கு நிஜமா வலிக்கிற விஷயங்கள எழுதுங்க, வாடகை, பஸ், பள்ளிக்கூடம், குப்பை, ராத்திரி பாதுகாப்பு எதுவானாலும். ஒவ்வொண்ணுக்கும் நேரா யாரு பொறுப்புன்னு எழுதுங்க: மேயர் தனியா, மேயரும் கவுன்சிலும் சேர்ந்து, மாநிலமோ மாகாணமோ, மத்திய அரசு. நகரத்தோட இணையதளத்துல இது பெரும்பாலும் இருக்கும், இல்லன்னா கவுன்சிலர் ஆபீஸுக்கு போன் பண்ணா சொல்லுவாங்க. மேயர் பேரு எந்த வரில வருதோ அந்த வரிக்கு மட்டும்தான் அவருக்கு மார்க் போடணும். புதுசா நிக்கிற ஒருத்தர் மேயர் கையில இல்லாத விஷயத்தைப் பண்ணித் தர்றேன்னு சொன்னா அதையும் இதே பேப்பரை வச்சு உடனே கண்டுபிடிச்சுரலாம்.

நாலாவது: கணக்கைப் படிங்க

போன தேர்தல்ல அவரு கொடுத்த தேர்தல் அறிக்கையத் தேடி எடுங்க. இணையத்துல பழைய பக்கங்களைச் சேமிச்சு வைக்கிற காப்பகங்கள்ல கிடைக்கும், பழைய செய்திகள்லயும் கிடைக்கும். அதுல இருக்குற எல்லாத்தையும் பாக்கணும்னு இல்ல, உங்க பேப்பர்ல இருக்குற விஷயங்களுக்கு என்ன சொன்னாரோ அத மட்டும் எடுத்து, நடந்துச்சா, பாதியில நிக்குதா, தொடவே இல்லையான்னு குறிங்க. தொடவே இல்லன்னா ஏன்னு அவரு எங்கயாவது விளக்கம் சொல்லியிருக்காரான்னு பாருங்க. காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்டவரும், அப்படி ஒரு வாக்குறுதியே கொடுக்காத மாதிரி நடந்துக்குறவரும் ஒண்ணு இல்ல.

அடுத்தது பட்ஜெட். பயப்படாதீங்க, முழுசாப் படிக்க வேண்டாம், ஒவ்வொரு நகரமும் சுருக்கம் ஒண்ணு வெளியிடும். முக்கியமா, தேர்தல் வருஷத்து பட்ஜெட்டை மட்டும் தனியா பாக்காதீங்க, பதவிக்காலம் மொத்தத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. டொரோண்டோவுல ஒலிவியா சௌ மேயரா வந்த பிறகு 2024ல வீட்டு வரி 9.5 சதவீதம் ஏறுச்சு, 2025ல 6.9. இத மட்டும் பாத்தா அதிர்ச்சியா இருக்கும், ஆனா அதுக்கு முன்னாடி ஜான் டோரி மேயரா இருந்த காலத்துல பல வருஷம் விலைவாசி உயர்வைத் தாண்டாம வரிய வச்சிருக்கேன்னு சொல்லி நடத்துனாங்க, அந்தக் காலத்துல தள்ளிப்போட்ட பராமரிப்பு வேலைக்கெல்லாம் பின்னாடி வர்றவங்கதான் காசு தேடணும். இதுல யாரு பக்கம் நியாயம்னு நீங்க முடிவு பண்ணிக்கோங்க, ஆனா ஒரு வருஷத்து நம்பரை வச்சு முடிவு பண்ணாதீங்க.

அதே மாதிரி தேர்தலுக்கு முன்னாடி வர்ற நல்ல செய்திகளோட தேதியையும் பாருங்க. லண்டன்ல 2024 மார்ச்ல இருந்து ஒரு வருஷத்துக்கு டியூப், பஸ் கட்டணம் ஏறாதுன்னு ஜனவரில அறிவிச்சாங்க, மேயர் தேர்தல் மே 2. கட்டணம் ஏறாம இருக்குறது பயணிகளுக்கு நல்லதுதான், அதுல சந்தேகம் இல்ல. கேக்க வேண்டியது, அதுக்கான காசு எங்கிருந்து வந்துச்சு, அடுத்த வருஷம் என்ன ஆகும்னுதான். பதவில இருக்குறவருக்கு மட்டும் கிடைக்கிற வசதி இது, அறிவிப்பை எப்ப விடணும்னு அவரே முடிவு பண்ணலாம், எதிர்ல நிக்கிறவங்களால முடியாது.

ஒப்பந்தங்கள் பத்தி தனியா சொல்லணும், ஏன்னா ஒரு மேயர் போன பிறகும் ஊரு தலைமேல உக்காந்திருக்கிறது இதுதான். சிகாகோவுல 2008 டிசம்பர்ல ரோட்டோர பார்க்கிங் மீட்டர் மொத்தத்தையும் 75 வருஷத்துக்கு ஒரு தனியார் கம்பெனிக்கு சுமார் 115 கோடி டாலருக்கு குத்தகைக்கு விட்டாங்க. கவுன்சிலுக்கு அத படிச்சுப் பாக்க ஒரு சில நாள்தான் கிடைச்சுச்சு, 40க்கு 5ன்னு நிறைவேறிருச்சு. அடுத்த வருஷம் நகரத்தோட இன்ஸ்பெக்டர் ஜெனரல், நகரத்துக்கு வந்திருக்க வேண்டிய தொகைல 90 கோடி டாலருக்கு மேல விட்டுட்டீங்கன்னு அறிக்கை கொடுத்தாரு. அந்தக் குத்தகை 2083 வரைக்கும் ஓடும். அதனால ஒரு மேயரை எடை போடும்போது "இந்தப் பதவிக்காலத்துல நீண்ட கால ஒப்பந்தம் எதுல கையெழுத்துப் போட்டாரு, எத்தனை வருஷத்துக்கு, கவுன்சிலுக்கு எவ்வளவு நேரம் கொடுத்தாரு"ன்னு தேடுங்க. புது பாலத் திறப்பு விழா போட்டோவை விட இது பத்து மடங்கு முக்கியம்னு நான் நம்புறேன்.

எங்க தேடுறது? நகரத்துக்குன்னு தணிக்கை அதிகாரி இருப்பாரு, டொரோண்டோவுல ஆடிட்டர் ஜெனரல், சிகாகோவுல இன்ஸ்பெக்டர் ஜெனரல், நியூயார்க்ல கம்ப்ட்ரோலர். அவங்க அறிக்கைகளோட முதல் ரெண்டு பக்கம் போதும். நியூயார்க்ல ஒவ்வொரு துறையும் இலக்கை எட்டுச்சா இல்லையான்னு சொல்ற மேயர் நிர்வாக அறிக்கை செப்டம்பர்ல வரும், ஆம்புலன்ஸ் வர எத்தனை நிமிஷம், குழி மூட எத்தனை நாள்னு எல்லாம் பழைய வருஷத்தோட சேர்த்து இருக்கும். லண்டன்ல வருஷத்துக்கு பத்து தடவை மேயர், அவரைக் கண்காணிக்கத் தனியா தேர்ந்தெடுத்த லண்டன் அசெம்ப்ளி முன்னாடி நின்னு கேள்விக்கு பதில் சொல்லணும், அந்த வீடியோ எல்லாம் பொதுவுல இருக்கு. ஒரே ஒரு அமர்வைப் பாருங்க. நேரா பதில் சொல்றாரா, கேட்டவங்க மேல பாயுறாரா, நம்பர் கையில இருக்கான்னு அரை மணி நேரத்துல தெரிஞ்சுரும், எந்த விளம்பரமும் இத சொல்லாது.

பெருசாத் தெரியாத அன்றாட வேலைய இதுல மறந்துடாதீங்க. 1979 ஜனவரில சிகாகோவுல கடும் பனிப்புயல், ரோடு சுத்தம் பண்ற வேலை சரியா நடக்கல, ரயிலும் திணறுச்சு, மைக்கேல் பிலாண்டிக் மேயரா இருந்தாரு, கட்சி அமைப்பு மொத்தமும் அவரு பின்னாடி. பிப்ரவரி கடைசில பிரைமரில ஜேன் பர்ன் அவரைத் தோக்கடிச்சு, அந்த ஊரோட முதல் பெண் மேயரா ஆனாங்க. நாலு வருஷம் கழிச்சு 1983ல அவங்களும் பிரைமரில ஹெரால்ட் வாஷிங்டன்கிட்ட தோத்தாங்க.

அஞ்சாவது: எதிர்ல நிக்கிறவங்களையும் அதே தராசுல வைங்க

சிட்டிங் மேயர் மேல கோபம் இருந்தா யாரு வந்தாலும் பரவாயில்லன்னு தோணும், அந்த மனநிலைல ஓட்டு போடாதீங்க. எதிர்ல நிக்கிறவர் கவுன்சிலரா இருந்தவரா? அப்படின்னா அவருக்கும் கணக்கு இருக்கு, டொரோண்டோ மாதிரி ஊர்ல ஒவ்வொரு கவுன்சிலரும் எந்தத் தீர்மானத்துக்கு எப்படி ஓட்டு போட்டாங்கன்னு இணையத்துலயே எடுத்துப் பாக்கலாம். மேயரோட பட்ஜெட்டுக்கு எல்லா வருஷமும் கை தூக்கிட்டு இப்ப மேடைல அதையே திட்டுறாரான்னு பாருங்க. வெளிய இருந்து வர்றவரா இருந்தா, நடத்துன நிறுவனம், பாத்த வேலை எதுவானாலும் அங்க எப்படி இருந்தாருன்னு பாருங்க. வாக்குறுதிக்கு காசு எங்கிருந்து வரும்னு ஒரு வரியாவது எழுதியிருக்காரான்னு தேடுங்க.

காசு கொடுக்குறவங்க பட்டியலையும் ஒரு பார்வை பாருங்க. டொரோண்டோவுல கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் நன்கொடை கொடுக்கவே கூடாது, தனி ஆள் மேயர் வேட்பாளருக்கு 2,500 டாலர் வரைதான் கொடுக்கலாம். நியூயார்க்ல நகரவாசி கொடுக்குற சின்ன நன்கொடைக்கு, 250 டாலர் வரைக்கும், ஒண்ணுக்கு எட்டு மடங்கு நகரமே சேர்த்துக் கொடுக்குது, அந்தத் திட்டத்துல சேர்ந்த வேட்பாளர்களுக்கு. பெரிய பணக்காரங்களைத் தெரியாத ஒருத்தர் மேயருக்கு எதிர்ல நின்னு தாக்குப் பிடிக்க இது பெரிய உதவி.

ஆறாவது: ஓட்டை எப்படி எண்ணுறாங்க

இது தெரியாம உத்தி பேச முடியாது. மூணு முறை பரவலா இருக்கு.

யாருக்கு அதிகமோ அவரு ஜெயிச்சாரு, பாதி வேண்டியதில்ல, இது முதல் முறை. டொரோண்டோவுல இப்படித்தான், 2023 இடைத்தேர்தல்ல ஓட்டுச்சீட்டுல 102 பேரு, ஒலிவியா சௌ சுமார் 37 சதவீதத்துல ஜெயிச்சாங்க. லண்டன்லயும் 2024ல இப்படித்தான் எண்ணுனாங்க, அதுக்கு முன்னாடி ரெண்டாவது விருப்பமும் குறிக்கலாம். சாதிக் கான் 2024ல ஏறக்குறைய 44 சதவீதம் வாங்கி மூணாவது தடவை ஜெயிச்சாரு, லண்டன்ல மூணு தடவை ஜெயிச்ச முதல் மேயர் அவருதான். கென் லிவிங்ஸ்டன் 2008ல மூணாவதுக்கு நின்னு போரிஸ் ஜான்சன்கிட்ட தோத்தாரு. இந்த முறைல எதிர்ப்பு ஓட்டு பல பேருகிட்ட சிதறுனா பதவில இருக்குறவருக்கு லாபம்.

ரெண்டாவது முறை இரண்டாம் சுற்று. சிகாகோவுல யாருக்கும் பாதிக்கு மேல வரலன்னா முதல் ரெண்டு பேரு மட்டும் திரும்ப மோதணும். இங்க சிட்டிங் மேயருக்கு ஆபத்து அதிகம், ஏன்னா எதிர்ப்பு ஓட்டெல்லாம் ஒரே ஆளுகிட்ட சேர வாய்ப்பு இருக்கு. ராம் இமானுவேல் 2015ல இப்படி மாட்டி ரெண்டாம் சுற்றுல தப்பிச்சாரு. 2023ல லோரி லைட்ஃபுட் ரெண்டாம் சுற்றுக்கே வர முடியல, மூணாவது இடம், மக்கள் ஓட்டுல பதவிக்கு வந்தவங்கள்ல, அந்த ஊர்ல 40 வருஷத்துல தோத்த முதல் சிட்டிங் மேயர். இந்த மாதிரி ஊர்ல முதல் சுற்றுல மனசுக்குப் பிடிச்சவருக்கு தாராளமா போடலாம், ஆனா இரண்டாம் சுற்றுத் தேதியையும் இப்பவே குறிச்சு வச்சுக்கோங்க, நிறைய பேரு அன்னிக்கு வர மறந்துடுறாங்க.

மூணாவது, வரிசைப்படுத்துற முறை. நியூயார்க் பிரைமரில அஞ்சு பேரு வரைக்கும் ஒண்ணு ரெண்டு மூணுன்னு குறிக்கலாம். ஒரே ஆளுக்கு அஞ்சு இடத்துலயும் குறிச்சா பலன் எதுவும் கூடாது, முதல் குறி மட்டும்தான் எண்ணப்படும். மேயர் வேண்டாம்னு நினைக்கிறவங்க அவரு பேரை எங்கயுமே குறிக்காம விட்டுட்டு மத்த இடங்களை நிரப்புனா ஓட்டு வீணாகாம இருக்கும்.

ஏழாவது: கடைசி ரெண்டு வாரம், போன்ல வர்ற குப்பை

குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல வர்ற ஆடியோ வீடியோவ நம்பி முடிவ மாத்தாதீங்க. 2023 நவம்பர்ல சாதிக் கான் பேசுன மாதிரி போலி ஆடியோ ஒண்ணு பரவுச்சு, போர் நினைவு நாளை விட பாலஸ்தீன ஆதரவு ஊர்வலம்தான் முக்கியம்னு அவரு சொல்ற மாதிரி, குரல் அச்சு அசலா இருந்துச்சு, அவரு அப்படிப் பேசவே இல்ல. அதே வருஷம் சிகாகோ தேர்தலுக்கு முந்துன நாட்கள்ல மேயர் வேட்பாளர் பால் வாலஸ் குரல்லயும் ஒரு போலி வந்துச்சு. கேட்டதும் கோபம் பொங்குற மாதிரி எது வந்தாலும், யாரு முதல்ல வெளியிட்டாங்கன்னு பாருங்க, ரெண்டு செய்தி நிறுவனமாவது அத சொல்லுதான்னு பாருங்க, இல்லன்னா அடுத்தவங்களுக்கு அனுப்பாதீங்க. தாத்தா பாட்டிக்கும் இத பொறுமையா சொல்லுங்க, அவங்களுக்கும் ஓட்டு இருக்கும்.

நம்பகமா வேணும்னா, லண்டன்ல தேர்தல் அதிகாரி வாக்காளர்களுக்கு வேட்பாளர் கையேடு அனுப்புறாரு, அதுல வேட்பாளர்கள் சொந்தமா எழுதுன பக்கங்கள் இருக்கும். விவாதம் ஒண்ணாவது முழுசா பாருங்க, வெட்டி ஒட்டுன துண்டு வீடியோ வேண்டாம்.

எட்டாவது: ஓட்டுச்சாவடில

மேயர் பேரோட நிறுத்திடாதீங்க. லண்டன்ல கையில மூணு சீட்டு கொடுப்பாங்க, மேயருக்கு ஒண்ணு, அசெம்ப்ளிக்கு ரெண்டு. அந்த அசெம்ப்ளில மூணுல ரெண்டு பங்கு சேர்ந்தாதான் மேயர் பட்ஜெட்டை மாத்தவே முடியும். டொரோண்டோவுல கவுன்சிலர், பள்ளி போர்டு ட்ரஸ்டி (உறுப்பினர்) எல்லாம் அதே சீட்டுல இருக்கும். உங்களுக்குப் பிடிச்ச மேயர் ஜெயிச்சு கவுன்சில் முழுக்க எதிரா இருந்தா வேலை நகராது, பிடிக்காதவர் ஜெயிச்சா அவரைத் தட்டிக் கேக்க கவுன்சில்தான் வேணும். ரெண்டு பக்கம் பாத்தாலும் கவுன்சிலர் ஓட்டு முக்கியம்.

கூட்டம் இல்லாத நேரம் வேணும்னா முன்கூட்டியே ஓட்டு போடுற நாட்கள்ல போங்க. டொரோண்டோவுல பேரும் அந்த ஊரு விலாசமும் இருக்குற அடையாளம் ஒண்ணு போதும், போட்டோ வேண்டாம்.

"நான் ஒருத்தர் போகலன்னா என்ன"ன்னு நினைக்கிறவங்களுக்கு ரெண்டு நம்பர் சொல்றேன். 2022 டொரோண்டோ தேர்தல்ல சிட்டிங் மேயர் நின்னாரு, அவருதான் ஜெயிப்பாருன்னு எல்லாரும் நினைச்சாங்க, வாக்குப்பதிவு 30 சதவீதத்தைக் கூட தொடல. அவரு நாலு மாசத்துல பதவி விலகி, எட்டு மாசத்துல திரும்ப தேர்தல். இன்னொண்ணு 1981, வெர்மான்ட் மாநிலத்துல பர்லிங்டன்ங்கிற ஊரு, பத்து வருஷமா இருந்த மேயர் கார்டன் பேகட்டை பெர்னி சாண்டர்ஸ் தோக்கடிச்சாரு, மறு எண்ணிக்கைக்கு அப்புறம் வித்தியாசம் 10 ஓட்டு.

ஓட்டு இல்லாதவங்களும், ஓட்டு போட்டு முடிச்சவங்களும்

ஓட்டு உரிமை இல்லாதவங்க வேட்பாளர் கூட்டங்களுக்குப் போய் கேள்வி கேக்கலாம், வீட்ல இருக்குற ஓட்டு உள்ளவங்கள கூட்டிட்டுப் போகலாம், மொழி தெரியாத பெரியவங்களுக்கு ஓட்டுச்சீட்டு எப்படி இருக்கும்னு முன்னாடியே காட்டலாம். பல ஊர்ல தன்னார்வலரா உதவவும் தடை இல்ல, ஆனா காசு கொடுக்குறதுக்கு முன்னாடி உங்க விசாவுக்கு அது அனுமதியான்னு சட்டத்தைப் பாருங்க.

முடிவு வந்ததும் புதுப் பதவிக்காலம் என்னைக்கு ஆரம்பிக்குதுன்னு குறிச்சுக்கோங்க: டொரோண்டோவுல நவம்பர் 15, நியூயார்க்ல ஜனவரி 1, சிகாகோவுல மே மாசம், லண்டன்ல சில நாள்லயே. பழைய மேயரே ஜெயிச்சாலும் சரி புது ஆளா இருந்தாலும் சரி, முதல் பட்ஜெட் வரும்போது பொதுமக்கள் வந்து பேச நேரம் ஒதுக்குவாங்க, டொரோண்டோவுல அது பெரும்பாலும் ஜனவரில. சில நிமிஷம்தான் கிடைக்கும், பேச குடிமகனா இருக்கணும்னு அவசியம் இல்ல, முன்கூட்டி பேரு பதிவு பண்ணிட்டுப் போகணும். மூணாவது படில எழுதுன பேப்பரைத் தூக்கிப் போட்டுடாதீங்க, அங்க என்ன பேசுறதுன்னு அதுல இருக்கு.